தூக்கி மூடும் கதவு

எங்கள் பீங்கான் கம்பெனிக்குப் பொம்மைகளைச் சுற்றுவதற்காக மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வரும். செய்தித்தாள், பரீட்சைப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, வாரப் பத்திரிகை எல்லாம் கலந்து கிடக்கும். பிள்ளையாருக்கு ஒரு தாள், கிருஷ்ணருக்கு ஒரு தாள், யானை என்றால் துதிக்கைக்குத் தனியாக ஒரு தாள். சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் இறக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குப் படிக்கக் கிடைத்தது அந்த மூட்டைதான். சுற்றுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் காசியம்மாள் அக்காவுக்கு அது பிடிக்காது.

“பொம்மையச் சுத்தச் சொன்னா இவ பேப்பருக்குள்ள பூந்துக்கிறா. ஒரு நாளைக்கி ஒன்னையும் சேத்துச் சுத்தி வைக்கோல்ல வச்சி டெல்லிக்கி அனுப்பிடப்போறன் பாரு” என்பாள்.

மாசி மாசத்தில் ஒருநாள் என் கையில் வந்தது ஏதோ ஒரு சின்னப் பத்திரிகையின் பக்கம். ‘பாலஸ்தீனக் கவிஞர்’ என்று மேலே போட்டிருந்தது. பெயர் இருந்த மூலையை எனக்கு முன்னால் யாரோ எதற்கோ கிழித்துக்கொண்டுவிட்டார்கள். அவர் ஒரு பெண். சிறு பிள்ளையாக இருக்கும்போது தாய் தகப்பனோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திரும்பிப் போக விடவில்லை. வேறு தேசத்தில் இருந்துகொண்டு அந்த ஒரு வீட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே கவிதை.

எங்கள் வீட்டு மாடிப்படியில்
நாலாவது படி கொஞ்சம் உயரம்.
புதிதாக வருகிறவர்கள் தடுக்குவார்கள்,
நாங்கள் சிரிப்போம்.
இப்போது அங்கே இருப்பவர்கள்
இன்னும் தடுக்குகிறார்களா,
அவர்களுடைய கால்களும்
பழகிக்கொண்டனவா?

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யானையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு யானைக்கு வேறு தாளை எடுத்துக்கொண்டு இதை மடித்து இடுப்பில் செருகினேன். காசியம்மாள் அக்கா பார்த்தாள். அன்றைக்கு என்னவோ திட்டாமல் அடுத்த பிள்ளையாரை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கம்பெனி தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கிறது. களிக்கூழை அச்சில் ஊற்றுவது, பிரித்து எடுப்பது, பிசிறு சீவுவது, காயவைப்பது, பளபளப்புக்காகக் கிளேஸ் பூச்சில் முக்குவது என்று எல்லா வேலையிலும் பெண்கள்தான். சூளையில் மட்டும் ஆம்பளை ஆள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேராக அம்மாக்களைத் தேடிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். வேலை முடிகிற வரைக்கும் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் கிடப்பார்கள். ஓடிப் பிடித்து விளையாடுகிறேன் என்று காய வைத்த சாமான்களை உடைத்துவிடக் கூடாதே என்று அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. எனக்கு நாலு பெரியவர்கள் முன்னால் வாய் வராது. பிள்ளைகளிடம் வரும்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்குக் கவிதை என்றால் மனப்பாடப் பாட்டு. முடிவில் நான் கேள்வி கேட்பேன் என்று பயந்துகொண்டே காது கொடுத்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை என்றதும் அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள். அவங்க ஏன் திருப்பிக் கேக்கல. கேட்டாங்க, குடுக்கல என்றேன். படியில் தடுக்கி விழுந்தால் சிரிக்கலாமா என்று பிரவீன்குமார் கேட்டான். பெயர் தெரியாததால் அந்தக் கவிஞருக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். படிக்கட்டு அக்கா.

ராஜாம்பாள் அக்காவின் மகன் சேரன் எட்டாவது படித்தான். சமூக அறிவியல் புத்தகத்தில் உலகப் படத்தை விரித்துப் பாலஸ்தீனத்தைத் தேடினான். சின்னதாக இருந்ததில் கிடைக்கவில்லை. பேட்டை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் விருத்தகிரி அண்ணனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். “அந்த ஊரு தெனமும் பேப்பர்ல வருதுடா தம்பி. நான் அதுலதான் வடை மடிச்சிக் குடுக்கறன். சனங்க எண்ணெய ஒத்தி எடுத்துட்டுத் தூக்கிப் போட்டுடறாங்க” என்றாராம்.

மறுநாள் நான் பிள்ளைகளிடம் சொன்னேன். படிக்கட்டு அக்கா எழுதினது மாதிரி நாமும் எழுதலாம். நம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது, வெளியாளுக்குத் தெரியாதது, அப்படி ஒன்றை எழுத வேண்டும். படி என்று மட்டும் எழுதக் கூடாது. அது அக்காவுடையது.

நோட்டில் எழுதச் சொன்னால் பள்ளிக்கூடம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். சூளைக்காரர் சாமிதுரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தவர், அச்சில் மிஞ்சிய களியைப் பாட்டிலால் உருட்டி உள்ளங்கை அளவுக்குப் பலகை பலகையாக வெட்டிக் கொடுத்தார். “இதுல ஆணியால எழுதுங்க. காஞ்சதும் மூலையில சொருகிச் சுட்டுத் தரேன். மொதலாளி கேட்டா டிசைன் பாக்கறம்னு சொல்லிக்கலாம்” என்றார்.

இளமதி எழுதினாள். எங்கள் அடுப்படியில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அம்மா குனிந்தே பழகிவிட்டாள். வெளியே வந்தும் கொஞ்ச தூரம் குனிந்துதான் நடப்பாள். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். படித்துக் காட்டியபோது மற்றவர்கள் சிரிக்கவில்லை. கோகுலகிருஷ்ணன் வீட்டு சுவிட்சை ரெண்டு தடவை தட்ட வேண்டுமாம், முதல் தடவை அது தூங்கிக்கொண்டிருக்குமாம். பிரவீன்குமார் ஒரு பல்லியைப் பற்றி எழுதினான். பலகையில் பல்லியின் வால் வரைக்கும்தான் இடம் இருந்தது.

ராஜாம்பாள் அக்காவின் மகள் பூர்ணிமா மட்டும் எழுதவில்லை. ஐந்தாவது படிக்கிற பிள்ளை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஈரம் காயாமல் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூர்ணிமாவின் அப்பா பழமலை இதே கம்பெனியில் லோடு ஏற்றி இறக்கியவர். கத்தாருக்குப் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. போவதற்கு முன்னால் பேட்டைக்குப் பின்னால் உள்ள மேட்டில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் தரைக்கும் சுவருக்கும் பீங்கான் கழிசலைப் போடுவது வழக்கம். உடைந்த ப்யூஸ் கட்டை, மூக்கு போன பொம்மை, ஓரம் விட்ட கிண்ணம், எல்லாம் சிமெண்டோடு சேர்ந்து கருங்கல் மாதிரி நிற்கும். பழமலை அண்ணன் வீட்டு முன்சுவரில் வெயில் பட்டால் தூரத்திலிருந்தே பளபளக்கும். கத்தாரில் கூட இருப்பவர்களிடமெல்லாம் “எம் வூடு பீங்கான் வூடு” என்று சொல்லிக்கொள்வாராம்.

விசா சட்டென்று வந்துவிட்டது. வாசற்படியும் நிலையும் பாக்கி. இருட்டுகிற நேரத்தில் கம்பெனிக் குப்பையில் இருந்து கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து நிலைக்கு அடியில் கொட்டிக் கெட்டித்துவிட்டுப் போனார். அதில்தான் தவறு நடந்தது. சூளையில் வெந்த சாமானும், வேகாமல் வெறுமனே காய்ந்த பச்சைச் சாமானும் பார்ப்பதற்கு ஒரே வெள்ளை. தட்டிப் பார்த்தால்தான் தெரியும். வெந்தது கணீரென்று சொல்லும், பச்சை மொத்தென்று சொல்லும். பேட்டையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அன்றைக்குத் தட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ரெண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. போன ஐப்பசியில் பிடித்த பெருமழையில் மணிமுத்தாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது, மேட்டில் இருந்த வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வாசற்படிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. பச்சைச் சாமானெல்லாம் ஊறி மறுபடியும் களிக்கூழாகி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. சேரன் “வூடு பால் கறக்குதும்மா” என்று கத்தினானாம். விடிந்து பார்த்தால் நிலை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கதவு தரையில் தட்டியது.

ராஜாம்பாள் அக்கா கருங்கல் சில்லுகளைச் செருகி நிலையை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு ஆபத்தில்லை. கதவைத்தான் தூக்கி மூட வேண்டும். தூக்காமல் இழுத்தால் பீங்கான் தரையில் உரசி, பல் கூசுகிற சத்தம் எழும். அதை அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். “வெயில்ல கெடக்கற மனுசன். தன் கையால போட்ட படி கரஞ்சி போச்சின்னு தெரிஞ்சா ராத்திரி தூங்க மாட்டாரு. வந்து பாத்துக்கட்டும்” என்றாள். சேரன் சரி என்றான். பூர்ணிமா தலையாட்டினாள்.

அந்த மழைக்குப் பிறகு பூர்ணிமா அப்பாவோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கத்தாரில் விடுமுறை. சாயங்காலம் விருத்தகிரி அண்ணன் கடையில் இருக்கும் காசு போனுக்குப் பழமலை அண்ணன் கூப்பிடுவார். அந்தப் பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அக்கா கையில் ஒட்டிய கிளேஸோடு ஓடிப் போய்ப் பேசுவாள். சேரன் பேசுவான். “பாப்பாவ குடு” என்பார் அண்ணன். பாப்பா அச்சு அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இழுத்து வந்து காதில் வைத்தாலும் மூச்சு மட்டும்தான் போகும்.

“என்ன மறந்துட்டா போல” என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். மாசியில் அதற்கு மேலேயும் போய்விட்டார். கத்தார் கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், இந்த மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றார். அக்கா வந்துவிடச் சொன்னாள். “வந்து? பெத்த பொண்ணே பேச மாட்டங்கறா. அங்க யாரு என்னத் தேடுறா? இங்கன்னா வேலையாவது என்னக் கூப்புடுது” என்றார். அக்கா போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் கிளேஸில் முக்கி எடுத்த பொம்மைகளில் பாதி திட்டுத் திட்டாக இருந்தது.

பூர்ணிமா பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை. மற்ற பிள்ளைகள் எழுதி முடித்து விளையாடப் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள்.

“எனக்கு அப்பாகிட்ட சொல்லணும்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அத அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அத வுட்டா வேற என்னா பேசறதுன்னு தெரிலக்கா. வாயத் தொறந்தா அதான் வந்துரும்போல இருக்குது.”

இது பேசறது இல்ல, எழுதறதுதானே என்று மட்டும் சொன்னேன். அவள் ஆணியை எடுத்தாள்.

ரெண்டு நாள் வெயிலில் பலகைகள் காய்ந்தன. புதன்கிழமை நான் அவற்றைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ராஜாம்பாள் அக்காவிடம் போனேன். கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து முக்கி, எடுத்து, அடியை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். துடைக்காவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உடையும். ஒரு நாளில் எத்தனை நூறு அடிகளை அவள் துடைப்பாளோ.

பிள்ளைகளின் பலகைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இளமதியின் பலகைக்கு “அடப் பாவி மவளே” என்று சிரித்தாள். பூர்ணிமாவின் பலகை கைக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது.

எங்க வூட்டுக் கதவ
தூக்கி மூடணும்.
மழையில படி
பாலா கரஞ்சி போச்சி.
அம்மா தூக்குவாங்க
அண்ணன் தூக்குவான்
நான் தூக்குவேன்.
அப்பாவுக்கு மட்டும் தெரியாது.
ஒரசுற சத்தம் கேட்டா
யாரோ வந்திருக்காங்கன்னு
நாங்க நெனச்சிக்குவோம்.

அக்கா ரெண்டாவது தடவையும் படித்தாள். முகம் மாறிவிட்டது.

“இத யாரு எழுதச் சொன்னது?”

“நாந்தாங்க்கா. படிக்கட்டு அக்கா மாதிரி, வூட்டப் பத்தி.”

“வூட்டப் பத்தின்னா? வூட்டு மானத்தப் பத்தியா?”

அவளுக்கு வலது பக்கம் ஒரு வாளி இருக்கும். உடைந்த பச்சைச் சாமான்களை அதில் போடுவாள். போட்டால் கொஞ்ச நேரத்தில் முறுமுறுவென்று சத்தம் போட்டுக் கரைந்து கூழாகிவிடும். நாளைக்கு அது வேறு ஒரு பிள்ளையாராக அச்சில் இறங்கும். பச்சையாக இருக்கிற வரைக்கும் எங்கள் பேட்டையில் எதுவும் செய்ததாகக் கணக்கில்லை. அக்கா பலகையை வாளிக்கு மேலே பிடித்திருந்தாள். பெரியவர்கள் கோபமாக இருக்கும்போது நான் பேசியதே இல்லை.

“அவளுக்கு அப்பாகிட்ட பேச இது ஒண்ணுதாங்க்கா இருக்குது” என்றேன். “சொல்லக் கூடாதுன்னதால தான் பேசாம இருக்குறா. மறக்கலக்கா.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து காசியம்மாள் அக்கா, பெட்டி எடுத்துப் போக ஆள் வந்து நிற்கிறான் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.

“மூணு வருசமா ஒரு வெள்ளிக்கிழம தவறாம நல்லாயிருக்கம் நல்லாயிருக்கம்னு சொல்லிச் சொல்லி, அந்த மனுசனுக்கு இந்த வூட்டுல வேலையே இல்லாமப் பண்ணிட்டனா நானு” என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

பிறகு பலகையை இந்தப் பக்கம் கொண்டுவந்து கிளேஸில் முக்கினாள். எடுத்து, சொட்டு வடிய விட்டு, மற்ற எதற்கும் செய்யாத பொறுமையோடு அடியைத் துடைத்தாள். ரெண்டு தடவை துடைத்தாள். “சாமிதொரண்ணங்கிட்ட சொல்லு, இத நடுவுல வைக்கச் சொல்லு. மூலையில வச்சா சரியா வேவாது” என்றாள்.

வெள்ளிக்கிழமை பலகைகள் சூளையிலிருந்து வந்தன. எழுத்துக் கோடுகளில் சாமிதுரை அண்ணன் கறுப்புச் சாயத்தைத் தேய்த்துவிட்டிருந்ததால் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகள் விரலால் தட்டித் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார்கள். பிரவீன்குமாரின் பல்லி மட்டும் வாலோடு விரிசல் விட்டுவிட்டது. பல்லி என்றால் வால் போகத்தான் செய்யும் என்று அவனே ஆறுதல் சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் போன் வந்தது. அக்கா பேசவில்லை. எடுத்து, “இந்தாங்க, பாப்பா பேசுறா” என்று மகளின் காதில் வைத்தாள். பூர்ணிமா பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். வணக்கமும் இல்லை, அப்பா என்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்துவிட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த விருத்தகிரி அண்ணன் ஆற்றுவதை நிறுத்தினார். படித்து முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அக்கா கையை நீட்டினாள்.

“படி பாலாவா கரஞ்சிச்சி?” என்று அண்ணன் கேட்டார்.

“ஆமாப்பா. வெள்ளையா.”

“தட்டிப் பாக்காம போட்டுட்டேம்மா. இருட்டிப் போச்சி அன்னிக்கி.”

“தெரியும்ப்பா. அம்மா சொன்னாங்க.”

பிறகு அவர், “எப்பிடித் தூக்கணும்?” என்றார்.

பூர்ணிமாவுக்குக் குரல் திரும்பிவிட்டது. “கொண்டிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கணும். கீழ முட்டியால லேசா முட்டு குடுக்கணும். அப்பறம் தூக்கி, நெலைக்குள்ள தள்ளணும். மொதல்ல தள்ளிட்டுத் தூக்கக் கூடாது.”

“கொண்டியப் புடிச்சி, முட்டி குடுத்து, தூக்கி, தள்ளணும்.”

“ம். சத்தம் வரக் கூடாது.”

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. சேரனுக்கு மீசை முளைக்கிறது, மேட்டில் புதுசாகக் குழாய் வந்திருக்கிறது, அடுப்பு வீட்டுக்குப் பின்பக்கம் மாறிவிட்டது, முருங்கை மரம் மழையில் விழுந்து மறுபடியும் துளிர்த்திருக்கிறது என்று பேசாமல் விட்ட மாசங்களை ஒரே மூச்சில் சொன்னாள். படிக்கட்டு அக்காவின் கவிதையையும் சொன்னாள். நாலாவது படி உயரம். இப்போது இருக்கிறவர்கள் தடுக்குகிறார்களா. அண்ணன் அதை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவங்க எந்த ஊரு என்று கேட்டார். பாலஸ்தீனம் என்றதும், “எங்க போர்மேனு அந்த ஊருதாம்மா” என்றார்.

எங்களுக்கெல்லாம் அது பெரிய விஷயமாக இருந்தது. படத்தில் கிடைக்காத ஊரின் ஆள் ஒருவர் பூர்ணிமா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறார். பிள்ளைகள் அந்த வாரம் முழுவதும் அதையே பேசினார்கள். அவருக்குப் படிக்கட்டு அக்காவைத் தெரியுமா, ஒரே தெருவா, கேட்டுச் சொல்லச் சொல்லலாமா.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எல்லோருமே கடை முன்னால் கூடிவிட்டார்கள். விருத்தகிரி அண்ணன், “டீ குடிக்கறவன் நிக்க எடமில்ல, கச்சேரியாடா நடக்குது” என்று சொல்லிவிட்டு, பெஞ்சை அவரே ஓரமாக நகர்த்திப் போட்டார்.

பழமலை அண்ணன் தனக்குத் தெரிந்த அரபியிலும் இந்தியிலும் நாலாவது படியைப் பற்றி அந்த போர்மேனிடம் சொல்லியிருக்கிறார். எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிற மனுஷன், கட்டட வேலைக்கு அடுக்கியிருந்த கம்பிகள் மேல் உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் வீட்டில் படி இல்லை, கிணறு என்றாராம். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு கல் ஆடும், அதில் சாயக் கூடாது என்றாராம்.

“அவரு அந்தக் கெணத்தப் பாத்ததே இல்லியாம் பாப்பா” என்றார் அண்ணன். “பொறந்ததே அகதி முகாமுலதானாம். அவங்கம்மாதான் சொல்லிக் குடுத்துருக்காங்க. எந்தக் கல்லு ஆடும், எந்த மரத்து மேல ஏறக் கூடாது, எல்லாத்தயும். ஒருநாளைக்கிப் போனா தடுமாறக் கூடாதுன்னு.” “பாக்காத வூட்ட அவரு கண்ண மூடிக்கினு சொல்றாரு. நான் கட்டுன வூட்டுக் கதவு எனக்குத் தெரியலம்மா.”

பூர்ணிமா, “இப்பதான் தெரியுமே ஒனக்கு” என்றாள்.

“தெரியும்” என்றார். “அம்மாகிட்ட குடு.”

கையெழுத்துப் போடவில்லை என்று அக்காவிடம் சொன்னார். கணக்கு முடித்து, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் டிக்கெட் போடுவார்களாம். எப்போது என்று தெரியாது. அக்கா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், போனில் தலையாட்டுவது தெரியாது என்பதையே மறந்துவிட்டு. கடையை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளேஸ் காய்ந்து சொரசொரப்பாக இருந்த கை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “அந்தப் பொம்பள பேரு கெடைக்கவே இல்லியாடி?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “எங்க இருந்தாலும் நல்லாயிருக்கட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் போன் வரவில்லை. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிற கதைகளை வெளிநாடு போய் வந்த மங்கலம்பேட்டைப் பக்கத்து ஆட்கள் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவற்றைக் கேட்ட நாட்களில் அக்கா எங்களோடு சாப்பிட உட்கார மாட்டாள். பூர்ணிமா மட்டும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. தன் பலகையை வீட்டு முன்சுவரில், நிலைக்குப் பக்கத்தில், அண்ணன் பதித்த துதிக்கை உடைந்த பிள்ளையாருக்குக் கீழே, சேரனைக் கொண்டு சிமெண்டு வைத்துப் பதிக்கச் செய்திருந்தாள்.

நான் தினமும் காகித மூட்டையைப் பிரிக்கும்போது கிழிந்துபோன அந்த மூலையைத் தேடினேன். காசியம்மாள் அக்காவும் தேடினாள். “இதா பாரு, இது எந்த ஊரு கவிதை?” என்று ஏதாவது ஒரு தாளை நீட்டுவாள். அது பெரும்பாலும் ஊறுகாய் விளம்பரமாக இருக்கும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். துளிர்த்த முருங்கையில் கீரை பறித்து வைத்திருக்கிறேன், வந்து உருவிக் கொடுத்துவிட்டு அடை சாப்பிட்டுப் போ என்று சொல்லியிருந்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே புழுங்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் திறந்தவெளியில்தான் அடுப்பு. அக்கா கேழ்வரகு மாவில் கீரையையும் வெங்காயத்தையும் போட்டுப் பிசைந்து கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். சேரன் முதல் அடையை வாங்கி ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். பூர்ணிமா எனக்கு எதிரில் உட்கார்ந்து கீரை உருவினாள். காம்பையும் சேர்த்துப் போடுகிறாள் என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தாள்.

வாசல் பக்கம் யாரோ வந்த மாதிரி இருந்தது. கொண்டி அசைகிற சின்னச் சத்தம். பிறகு கதவு மூடிக்கொண்டது. காற்றில் ஒரு தாள் விழுந்த அளவுக்குத்தான் கேட்டது.

அக்கா அடையைத் திருப்பிப் போட்டபடியே, “சேரா, கதவ மூடிட்டு வாடான்னா அப்பவே மூடியிருக்கலாம்ல” என்றாள். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். சேரன் அவளுக்குப் பக்கத்தில் வாய் நிறைய அடையோடு உட்கார்ந்திருந்தான். நான் இங்கே இருந்தேன். பூர்ணிமா இங்கே இருந்தாள். தெருவில் இருந்து எங்களைத் தவிர யார் வந்து இழுத்தாலும் அந்தக் கதவு உரசும். பால்காரர் வந்தால் உரசும். காசியம்மாள் அக்கா வந்தால் மேட்டுக்கே கேட்கும்.

கதவு உரசவில்லை.

அக்காவின் கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. கல்லில் அடை தீய ஆரம்பித்தது. பூர்ணிமா மடியில் இருந்த கீரையைக் கீழே கொட்டாமல் தட்டில் அள்ளிப் போட்டாள். எழுந்து நின்றாள். ஓடவில்லை. இங்கிருந்தே வீட்டுக்குள் பார்த்துக் கேட்டாள்.

“தூக்கித்தான் மூடுனியா?”

உள்ளே பை ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம் வந்தது.

“தூக்கித்தாம்மா மூடுனேன்.”